சிமெண்ட் பால்

அந்த மருத்துவமனையின் முன்வாசல் ஒன்றரை வருடமாகப் பூட்டிக் கிடந்தது. வாசலுக்கு மேலே தூண் எதுவும் இல்லாமல், சுவரை மட்டும் பிடித்துக்கொண்டு எட்டடி முன்னால் நீண்டிருந்தது ஒரு கான்கிரீட் கூரை. ஆம்புலன்ஸ் நனையாமல் நிற்கட்டும் என்று என்றோ யாரோ கட்டியது. கூரை சுவரோடு சேருகிற இடத்தில், மேல்பக்கம், இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஒரு விரிசல் ஓடுவதைப் பார்த்த அன்றே அடியில் பன்னிரண்டு இரும்பு முட்டுகளை நிறுத்தி வாசலை அடைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து காய்ச்சல்காரரும் கர்ப்பிணியும் பின்பக்கமாகச் சலவை அறையையும் குப்பைத் தொட்டிகளையும் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளுகிற ஊழியர்கள் ஒவ்வொரு படியிலும் ஒரு கெட்ட வார்த்தையை விட்டுவிட்டுப் போனார்கள்.

இன்றைக்கு அந்த முட்டுகளைக் கழற்றும் நாள். காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்குள் முடித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. மதியம் வாசலைத் திறக்கப்போகிறார்கள்.

பூச்சியம்மா காலையிலிருந்து அந்த வாசலை நாலு தடவை சுற்றி வந்துவிட்டாள்.

பூச்சியம்மா என்பது கொத்து வேலைக்காரர்கள் வைத்த பெயர். அவள் நுண்ணுயிரியல் படித்துப் பட்டம் வாங்கியவள், பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ள உரிமை உள்ளவள். ஆனால் மருத்துவமனை வளாகத்தில் டாக்டர் என்றால் ஆளாளுக்கு நாக்கை நீட்டிக் காட்டுகிறார்கள். "இந்தம்மா சுவத்துக்குள்ள பூச்சி வளக்கிறவங்க" என்று ஒருவன் விளக்கம் சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் சண்டைக்குப் போகவில்லை. செய்கிற வேலை அதுதானே.

கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. கடல் பக்கத்து ஊர்களில் உப்புக் காற்றும் தண்ணீரும் விரிசல் வழியாக இறங்கிக் கம்பியைத் தொட்டால் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து கான்கிரீட்டை உடைக்கும், உடைந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இறங்கும். இதற்கு அவள் வைத்திருந்த வைத்தியம் ஒரு வகை பாக்டீரியா. காய்ந்த கல்லுக்குள் தூசி போலத் தூங்கும். ஈரம் பட்டால் விழிக்கும். கூடவே கொஞ்சம் சாப்பாடும் கொடுத்தால் தின்றுவிட்டுச் சுண்ணாம்பாக வெளியே தள்ளும். அந்தச் சுண்ணாம்பு விரிசலை உள்ளிருந்து மேலாக அடைத்துக்கொண்டே வரும். கம்பியைத் தின்னக் காத்திருக்கிற காற்றையும் அதுவே குடித்துவிடும். பரிசோதனைக் கூடத்தில் நூறு கட்டிகளில் செய்து காட்டியிருந்தாள். ஆட்கள் நடமாடுகிற ஒரு கட்டடத்தில் செய்வது இதுதான் முதல் தடவை.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் விரிசலில் பாக்டீரியாவை இறக்கினாள். இன்றைக்கு விரிசல் இருந்த இடத்தில் சுண்ணாம்பு நிறத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டின் புகைப்படம் மூன்று கருத்தரங்குகளில் திரையில் ஓடிவிட்டது.

முட்டுகளைக் கழற்றப் போகிறவர் அவளுடைய மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. கொத்தனாராக ஆரம்பித்து மேஸ்திரியானவர். அவள் எட்டாவது படிக்கும்போதே, "இவ கையில கரண்டியைக் குடுத்தீங்கன்னா பாருங்க, நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்று வீட்டில் சத்தம் போட்டு அவளைப் படிப்பின் பக்கம் தள்ளியவர். அவள் முதன்முதலில் வார்த்த கான்கிரீட் கட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்ணு, இது கான்கிரீட்டா, பிஸ்கட்டா?" என்று கேட்டவரும் அவர்தான். இந்த வேலைக்கு அவரைக் கூட்டி வந்தது அவள். அவரைவிட நல்ல மேஸ்திரி அவளுக்குத் தெரியாது. அவரைவிட அவளை நம்புகிறவரும் வேறு யாரும் இல்லை.

"என்ன கண்ணு, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றார் மாமா, தலைக்கவசத்தின் வாரைத் தாடைக்குக் கீழே மாட்டிக்கொண்டே.

"ஒண்ணுமில்ல மாமா. நீங்க பாத்து."

"நான் என்னத்தைப் பாக்கிறது? நீதான் பாத்துட்டியே. கையெழுத்தும் போட்டுட்ட. எனக்கு அது போதும்."

அந்தக் கையெழுத்துதான் அவளை உறுத்திக்கொண்டிருந்தது. கான்கிரீட்டை உடைக்காமலே உள்ளே கம்பி துருப்பிடிக்கிறதா என்று சொல்கிற ஒரு மீட்டர் அவளிடம் இருந்தது. பத்து நாளைக்கு முன்னால் அதை வைத்து இருபத்து நான்கு இடங்களில் அளந்தாள். இருபத்தோரு இடம் பரவாயில்லை. மூன்று இடம் மோசம். மறுநாளும் அளந்தாள், அதே மூன்று இடம். அதற்கும் மறுநாள் அளந்தபோதும் அதே மூன்று. முந்தின வாரம் மழை பெய்திருந்தது, ஈரம் இருந்தால் மீட்டர் கொஞ்சம் உளறும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 'ஈரத்தினால் ஏற்பட்ட பிழை' என்று அறிக்கையில் ஒரு வரி எழுதி, அந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றுக்குச் சராசரி போட்டாள். பாஸா ஃபெயிலா என்று தொலைபேசியில் கேட்டார்கள். பாஸ் என்றாள். வெள்ளைக் கோடு கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது மீட்டரையா நம்புவது?

கேட்டவர் பொறியாளர். அவருக்கும் பட்டப்பெயர் உண்டு, ரசமட்டம், குமிழியை வைத்துச் சமம் பார்க்கிற கொத்தனார் கருவி. எதிலும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய மாட்டார், நடுவிலேயே நிற்பார் என்பதால் வைத்த பெயர். நன்றாகப் போனால் "நம்ம வேலை" என்பார். கெட்டுப்போனால் "உங்க வேலை" என்பார். இரண்டுக்கும் நடுவில் குமிழி அசையாது.

அவருக்குப் பக்கத்தில் அரசு ஆய்வாளர் நின்றிருந்தார். ஐம்பது வயதுப் பெண், அதிகம் பேசாதவர், கையில் ஒரு அட்டையும் பென்சிலும். கூரையின் நுனிக்குக் கீழே ஒரு தாங்கியில் முள் வைத்த கருவி. கூரை எவ்வளவு கீழே இறங்குகிறது என்று அந்த முள் சொல்லும். ஆறு மில்லிமீட்டர் வரை இறங்கலாம். அதைத் தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும்.

முட்டுகள் மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு. நுனியிலிருந்து சுவரை நோக்கித்தான் கழற்ற வேண்டும். மாமாவோடு உள்ளே போனவர்கள் இரண்டு பேர். நெட்டையாக வளர்ந்து கழுத்தை வளைத்தே நடக்கிற ஒருவன், அவன் ஒட்டகம். எந்நேரமும் வாய்க்குள் எதையாவது முனகிக்கொண்டிருக்கிற இன்னொருவன், அவன் பாட்டு. இருவருக்கும் வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. பத்து வருடமாக மாமாவின் கூடவே இருக்கிறார்கள்.

முதல் வரிசையில் முதல் முட்டின் திருகு மெல்ல இறங்கியது. முள் அசைந்தது. அரை மில்லிமீட்டர்.

"கேமரா எங்க?" என்றார் ரசமட்டம். "வாசல் திறக்கிறதைப் படம் எடுக்கணும்ல. உங்க பெட்டியில இருக்குன்னு சொன்னீங்களே."

கேமரா, பக்கவாட்டுச் சந்தில் இருந்த பொருள் அறையில் இருந்தது. நின்று பார்த்துக்கொண்டிருப்பதைவிட நடப்பது மேல் என்று பட்டது அவளுக்கு. போனாள்.

பொருள் அறையில் உடைந்த சக்கர நாற்காலிகள், பெயிண்ட் டப்பாக்கள், சிமெண்ட் மூட்டைகள். அவளுடைய பெட்டி ஒரு மூலையில் இருந்தது. பெட்டியை இழுத்தபோது பின்னால் எதுவோ இடித்தது. குனிந்து பார்த்தாள். வெள்ளைப் பிளாஸ்டிக் கேன்கள், ஐந்து. தூசி படிந்திருந்தது. ஒவ்வொன்றிலும் அது எந்த வாரத்துக்கு என்று அவள் கையெழுத்தில் இருந்தது. ஐந்தாவது வாரம், ஆறாவது வாரம், ஏழு, எட்டு, ஒன்பது. மூடியைச் சுற்றிப் பரிசோதனைக் கூடத்தின் சிவப்பு நாடா. ஒன்றில்கூட நாடா அறுபடவில்லை.

ஒரு நொடி அவளுக்கு எதுவும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் புரிந்தது.

பாக்டீரியாவை இறக்கிய முதல் நான்கு வாரம் அவளே ஏணியில் ஏறிச் சாப்பாடு ஊற்றினாள். ஐந்தாவது வாரம் ஏணியிலிருந்து வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு படுத்திருந்த ஐந்து வாரமும் மாமாதான் பார்த்துக்கொண்டார். வாரா வாரம் போன் பண்ணினாள். "ஊத்திட்டீங்களா மாமா?" "தாராளமா ஊத்தியாச்சு கண்ணு." படமும் அனுப்பினார். ஆறாவது வாரப் படத்திலேயே வெள்ளைக் கோடு வந்துவிட்டது. அந்தப் படம் அவள் வயிற்றில் பாலை வார்த்தது. வலி மாத்திரையின் மயக்கத்தில் சந்தோஷத்தில் அழுதாள். மாவுக்கட்டைப் பிரித்துவிட்டு வந்தபோது விரிசல் முழுசாக மூடியிருந்தது, அதற்கு மேல் ஊற்ற வேண்டியிருக்கவில்லை.

கேன் திறக்கவே இல்லை. அப்படியானால் அந்த வெள்ளைக் கோடு எது?

எதுவாக இருந்தாலும் அவளுடைய பாக்டீரியா போட்ட கோடு இல்லை. ஐந்து வாரம் பட்டினி கிடந்த பூச்சிகள் சுண்ணாம்பை எங்கிருந்து கொண்டுவரும்? முதல் நாலு வாரச் சாப்பாட்டில் விழித்துக்கொண்டவை அதோடு பசியில் செத்திருக்கும். விரிசல் உள்ளே அப்படியே இருக்கிறது. உப்பு உள்ளே இருக்கிறது, தண்ணீர் உள்ளே இருக்கிறது, மேலே மட்டும் யாரோ மூடி போட்டிருக்கிறார்கள். ஒரு வருடத்துக்கும் மேலாக.

மீட்டர் உளறவில்லை.

அவள் கேமராவை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். இரண்டு பக்கமும் தூணோ சுவரோ தாங்குகிற கூரை வேறு. அது வளையும், முனகும், ஆட்களுக்கு ஓட நேரம் கொடுக்கும். இப்படிச் சுவரில் மட்டும் தொங்குகிற கூரையின் உயிர் மேல்பக்கத்துக் கம்பியில் இருக்கிறது. கம்பி போனால் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடும். இதை அவளே மூன்று கருத்தரங்குகளிலும் முதல் நிமிடத்தில் சொல்லியிருக்கிறாள்.

சந்து திரும்பி வந்தபோது முதல் வரிசை நான்கும் புல்தரையில் படுத்திருந்தன. நடு வரிசையில் இரண்டு போய்விட்டன. மூன்றாவதின் திருகில் மாமாவின் கை இருந்தது.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள். "மாமா, கையை எடுங்க! எல்லாரும் வெளிய வாங்க!"

மாமா கையை எடுக்கவில்லை. திருகை அப்படியே பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். பாட்டின் முனகல் நின்றது.

"என்னம்மா இது?" என்றார் ரசமட்டம். "நாலு மில்லிதான் இறங்கியிருக்கு. எல்லாம் கணக்குக்குள்ளதான் இருக்கு. நம்ம வேலை சுத்தமாப் போயிட்டிருக்கு."

"விரிசல் மூடலை சார். அந்த வெள்ளைக் கோடு என்னுது இல்லை. சாப்பாட்டு கேன் அஞ்சும் சீல் உடைக்காம உள்ள கிடக்கு."

ரசமட்டத்தின் முகத்தில் குமிழி முதல்முறையாக அசைந்ததை அவள் பார்த்தாள். அதற்குள் ஆய்வாளர் குரல் கொடுத்தார். அவர் சத்தம் போடவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"முள் நகருது."

யாரும் எதையும் திருகவில்லை. ஆனாலும் முள் நகர்ந்தது. நான்கைத் தாண்டி, நான்கரையை நோக்கி, சோம்பேறித்தனமாக நகர்ந்துகொண்டிருந்தது.

மாமாவுக்கு பாக்டீரியா தெரியாது, மீட்டர் தெரியாது. ஆனால் திருகுவதை நிறுத்திய பிறகும் இறங்குகிற பாரம் என்றால் என்ன என்று அங்கே நின்ற எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். "ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றார். பாட்டு போனான். ஒட்டகம் தயங்கினான். "அண்ணே, திருப்பி வைக்கணும்னா ஆள் வேணும்ல?"

"போடாங்கிறேன்ல! உன் பொண்டாட்டிக்கு நான் பதில் சொல்ல முடியாது. போ!"

ஒட்டகமும் போனான். மாமா மட்டும் உள்ளே நின்றார்.

"மாமா, நீங்களும் வாங்க!"

"நான் வந்துட்டா இதை யாரு தாங்கிறது? அந்த ஆறு முட்டும் ஏறாம இது நிக்காது. இது சுவரோட வந்துச்சுன்னா அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு தெரியும்ல?"

தெரியும். பிள்ளை பெற்றவர்களின் வார்டு இருந்தது.

முட்டு என்பது இரண்டு ஆள் வேலை. ஒருவர் அதை நேராகப் பிடித்து நிறுத்த வேண்டும், இன்னொருவர் திருகை முறுக்கி ஏற்ற வேண்டும். சாய்வாக நின்றால் தாங்காது, வழுக்கிவிடும். மாமா தரையில் கிடந்த முட்டை ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தப் பார்த்தார். அது ஆடியது.

அவள் உள்ளே போனாள். யோசித்துப் போனதாகப் பிறகு சொல்லிக்கொள்ளவில்லை. கால் போனது, அவ்வளவுதான். ரசமட்டம் பின்னாலிருந்து ஏதோ விதிமுறை பற்றிச் சொன்னார்.

"நீ எதுக்கு வந்த? வெளிய போ!"

"பிடிக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும்ல."

"அதுக்கு நீயா? உங்கம்மா என்னைக் கொன்னுடுவா."

"இப்ப முதல்ல இதை ஏத்துங்க மாமா."

அவள் முட்டை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தாள். இரும்பு சில்லென்று இருந்தது. மாமா மண்டியிட்டுத் திருகைச் சுற்ற ஆரம்பித்தார். மேலே தகடு கூரையைத் தொட இன்னும் நாலு விரல் இருந்தது. அவள் தலைக்கு இரண்டு மூன்று முழம் மேலே எத்தனையோ டன் கான்கிரீட். அண்ணாந்து பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. மழுங்கலான சாம்பல் நிறம், ஒரு பழைய சிலந்திக் கூடு.

"அஞ்சு" என்றார் வெளியிலிருந்து ஆய்வாளர்.

"இடது பக்கம் சாயுது. நிமித்து."

நிமிர்த்தினாள். கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டுவிட்டாள். "மாமா, நான் காலை உடைச்சுக்கிட்டுப் படுத்திருந்தப்ப மேல என்னத்தை ஊத்துனீங்க?"

"நீ சொன்னதைத்தான்."

"நான் என்ன சொன்னேன்?"

"பால் ஊத்தச் சொன்ன."

"எந்தப் பால்?"

மாமா திருகிலிருந்து தலையைத் தூக்கி, இதென்ன கேள்வி என்பது போலப் பார்த்தார். "என்ன எந்தப் பால்? சிமெண்ட் பால்தான். வெள்ளை சிமெண்டை நைசா சலிச்சு, தண்ணியில கரைச்சு, நானே ஏறி என் கையால ஊத்துனேன். ஒருத்தனையும் விடலை."

சிமெண்டைத் தண்ணீரில் நீர்க்கக் கரைத்து விரிசலில் விடுவதற்குக் கொத்து வேலையில் பால் என்றுதான் பெயர். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அதுதான் பெயர். அவளுடைய பரிசோதனைக் கூடத்திலோ பாக்டீரியாவின் சாப்பாட்டுக்குப் பால் என்று பெயர். பாலிலிருந்து வருகிற ஒரு சத்து அது, லேபிளில் இருக்கிற பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால் பால். வேலை நடக்கிற இடத்தில் மாமாவிடம் அதை மருந்து என்றுதான் சொல்லிவந்தாள். மாத்திரை மயக்கத்தில், போனில், கூடத்துப் பேச்சு வாயில் வந்துவிட்டது. மருந்தை ஊற்று என்று அவள் சொல்லவே இல்லை. அவர் மருந்தைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, ஐந்து வாரமும் பாலை ஊற்றியிருக்கிறார்.

சிரிப்பு வந்தது அவளுக்கு. அது சிரிப்பே இல்லை.

"ஏன், தப்பா?" என்றார் மாமா.

அப்போது மேலே சுவரோரமாக ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை, விரலில் சொடுக்கெடுப்பது போல ஒன்று. கூடவே கொஞ்சம் தூசி அவள் கையில் விழுந்தது. சிவப்புத் தூசி.

"அஞ்சே முக்கால்" என்றார் ஆய்வாளர். இப்போது அவர் குரலும் மாறியிருந்தது.

மாமா இரண்டு கையாலும் திருகைச் சுற்றினார். தகடு கூரையைத் தொட்டது. இன்னும் சுற்றினார். முட்டு இறுகி, அவள் கைக்குள் விறைத்து நின்றது. பாரம் ஏறுவதை அவள் உள்ளங்கையால் உணர்ந்தாள். "விடு" என்றார். விட்டாள். அடுத்ததைத் தூக்கினார்கள். பிறகு நுனி வரிசை. ஒவ்வொன்றாக வெளியிலிருந்து ஒட்டகம் முட்டுகளை எட்டித் தள்ளிக்கொடுத்தான், அதற்கு மேல் வர மாமா விடவில்லை. எவ்வளவு நேரம் ஆனது என்று பிறகு கேட்டபோது பதினொரு நிமிடம் என்று ஆய்வாளர் சொன்னார். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

ஆறாவது முட்டு இறுகியபோது முள் ஐந்தே முக்காலுக்கு ஒரு இழை மேலே நின்றுவிட்டது. நின்றது நின்றதுதான். ஆய்வாளர் முழுசாக ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

வெளியே வந்ததும் ஒட்டகமும் பாட்டும் புல்லில் பொத்தென்று உட்கார்ந்தார்கள். மாமா தண்ணீர் குடித்தார். அரை பாட்டில் சட்டையில் போனது. அவள் மாமாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் இருக்கிறார். இரண்டு கையும் காலும் முழுசாக இருக்கிறார். அதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை அவளுக்கு அந்த நிமிடத்தில்.

அந்த நிமிடம் நீடிக்கவில்லை. வார்டைக் காலி செய்ய ஆள் அனுப்பிவிட்டு, ஆய்வாளர் அவளையும் மாமாவையும் ரசமட்டத்தையும் மாடிக்குக் கூட்டிப்போய், ஜன்னல் வழியாக, கூரை மேல் கால் வைக்காமல், நீளமான உளியால் கோட்டை உடைத்துப் பார்க்கச் சொன்னார். "எங்க உடைக்கிறது?" என்று உளியோடு நின்ற மருத்துவமனை வேலையாள் கேட்டான். அவள் விரலை நீட்டினாள். இங்கே. இங்கே. அதோ, அந்த ஓரத்தில்.

வெள்ளைப் பூச்சு மெல்லிய ஓடாகப் பெயர்ந்து வந்தது. அடியில் விரிசல் இருந்தபடி இருந்தது. விரிசலின் அடியில் விரல் தடிமன் இருக்க வேண்டிய கம்பி முதல் இடத்தில் பென்சில் அளவு. இரண்டாவது இடத்தில் குழி விழுந்து அதிலும் பாதி. மூன்றாவது இடத்தில் சற்று நேரத்துக்கு முன்புதான் அறுந்திருந்தது. அறுந்த முனை மட்டும் பளபளவென்று இருந்தது.

முதலில் பேசியவர் ரசமட்டம், குமிழி நடுவுக்குத் திரும்பியிருந்தது.

"படிக்காத ஆளை நம்பி இவ்வளவு பெரிய விஷயத்தை ஒப்படைச்சா இப்படித்தான் ஆகும் மேடம். அந்தம்மா ஒண்ணு சொல்ல, மேஸ்திரி ஒண்ணு செய்ய. எழுதிக்கோங்க, மேஸ்திரியோட கவனக்குறைவு. இவங்க மேல தப்பே இல்லை."

"ஆமாங்க" என்றார் மாமா உடனே. "என் தப்புதான். அது சொன்னது எனக்குத்தான் புரியலை. அது மேல ஒண்ணும் எழுதிடாதீங்க." சொல்லிவிட்டு அவளைப் பார்த்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது போலக் கண்ணைக் காட்டினார். அவள் எட்டாவது படிக்கும்போது வீட்டில் காட்டிய அதே தைரியம்.

ஆய்வாளர் எழுதவில்லை. உடைத்த மூன்று இடங்களையும் பென்சிலால் ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டினார்.

"இருபத்து நாலு அடி விரிசல். நீங்க யோசிக்காம இந்த மூணு இடத்தைக் காட்டினீங்க. மூணுலயும் கம்பி போயிருக்கு. எப்படித் தெரிஞ்சது?"

"அனுபவம்தான் மேடம்" என்றார் ரசமட்டம்.

"எங்க பொண்ணு கண்ணு வச்சா தப்பாதுங்க" என்றார் மாமா. அந்த நிலைமையிலும் அவர் குரலில் பெருமை இருந்தது.

சொல்லாமல் விட்டுவிடலாம். இரண்டு பேர் இரண்டு கதவைத் திறந்து வைத்திருந்தார்கள், எதில் வேண்டுமானாலும் வெளியே போகலாம். மாமா பழியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார், பிறகு எந்தக் கட்டடத்திலும் அவரை ஏற விட மாட்டார்கள். அவள் இன்னொரு கூரையில் இன்னொரு தடவை செய்து பார்க்கலாம். அவள் வாயைத் திறந்தபோது பயமாகத்தான் இருந்தது.

"மீட்டர் காட்டுச்சு" என்றாள். "பத்து நாளைக்கு முன்னாடி. மூணு நாள் அளந்தேன். மூணு நாளும் இந்த மூணு இடம்தான் மோசம்னு வந்துச்சு. ஈரத்தால வர்ற பிழைன்னு எழுதிட்டு பாஸ் போட்டேன். எனக்கு அது பாஸ் ஆகணும்னு இருந்துச்சு. பால் விஷயம் எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். இது முன்னாடியே தெரியும். பால் எந்தப் பால்னு ஏறிப் பாத்திருக்க வேண்டியதும் நான்தான். அவர் மேல எழுதாதீங்க."

ஆய்வாளரின் பென்சில் நகர ஆரம்பித்தது.

மாமா தலைக்கவசத்தின் வாரைக் கழற்றப் பார்த்தார், கொக்கி வரவில்லை. அவள் உதவிக்குப் போனாள். அவர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"தெரிஞ்சா அனுப்புன?"

"சந்தேகம்தான் மாமா. சரியாத்தான் இருக்கும்னு என்னையே நான் நம்ப வச்சுக்கிட்டேன்."

"அந்தச் சந்தேகத்தைக் காலையில ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீங்க..."

"நான் போயிருக்க மாட்டேன்னு சொல்லலை" என்றார் மாமா. "போயிருப்பேன். அவனுங்க ரெண்டு பேரையும் வெளிய நிறுத்திட்டு நான் மட்டும் போயிருப்பேன்."

சொல்லிவிட்டு அவளைத் தாண்டிப் படியிறங்கி, இன்னும் புல்லிலேயே உட்கார்ந்திருந்த ஒட்டகத்திடமும் பாட்டிடமும் போனார்.